திரையில் தெரியும் கோடு யாருடையது?

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் வீதி, தேயிலையைக் கடந்து காட்டுக்குள் நுழைந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடபுறத்தில் ரிவர்ஸ்டனைத் தொடுகிறது. காற்றுக்கும் மூடுபனிக்கும் பேர்போன இடம். அங்கே போகிறவர்கள் பார்க்காமல் திரும்ப முடியாத ஒன்று, உச்சியில் நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரம். கோபுரங்களை மலையில் நடுவதற்குக் காரணம் எளிய கணக்குதான். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் வைத்த அன்டெனாவுக்கு, எஃப்.எம். போன்ற அலைகளில், அடிவானம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; ரிவர்ஸ்டன் அதைவிடவும் உயரம். ஆனால் 130 கிலோமீட்டருக்கு அனுப்ப முடிந்த இடம், 130 கிலோமீட்டரிலிருந்து வருவதையெல்லாம் வாங்கவும் செய்யும். பக்கத்திலேயே கிலோவாட் கணக்கில் ஒலிபரப்பும் அன்டெனா, தொலைவிலிருந்து வரும் மிக மெல்லிய அலை, ஈரக்காற்றில் துருப்பிடிக்கும் இரும்பு இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்வது மலை உச்சிக் கோபுரங்களின் இயல்பு. அலைகளை அளப்பதற்கு இதைவிடக் கடினமான இடம் அதிகம் இல்லை.

இப்படியான ஓர் உச்சியில் 98 மெகாஹெர்ட்ஸிலும் 107 மெகாஹெர்ட்ஸிலும் இரண்டு வலுவான எஃப்.எம். நிலையங்கள் ஒலிபரப்புவதாகக் கொள்வோம். அளக்கப் போன பொறியியலாளரின் கையிலுள்ள, அலைகளின் வலுவை அதிர்வெண் வாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் திரையில் 116 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிறு கோடு எழுகிறது. எண்ணைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வரும்: 107ஐ இரட்டித்து 98ஐக் கழித்தால் 116. இரண்டு வலுவான அலைகள் நேர்கோட்டில் இயங்காத ஏதோவொரு பொருளில் கலந்தால் பிறக்கும் கள்ளப் பிள்ளை இது. 108 முதல் 137 வரையான மெகாஹெர்ட்ஸ் பட்டை விமானங்களின் வழிகாட்டலுக்கும் விமானிகளின் உரையாடலுக்கும் ஒதுக்கப்பட்டது, எஃப்.எம். ஒலிபரப்பு அதைக் கெடுக்காமல் காப்பது பற்றி அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தனிப் பரிந்துரையே வைத்திருக்கிறது. ஆகவே அந்தக் கோட்டை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அது எங்கே பிறந்தது? ஒலிபரப்பியின் உள்ளேயா, கோபுரத்தின் துருப்பிடித்த இணைப்பிலா, அல்லது அளக்கும் கருவிக்குள்ளேயேயா? மூன்றும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கையில் அலைக்கற்றையை நிர்வகிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒரு நிலையத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். டிஜிட்டல் சமிக்ஞைச் செயலாக்கம் அனலைசருக்குள் வந்ததன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம். வேகமும் அழகான வண்ணத் திரையும் உடன் கிடைத்தவை. அளவீட்டில் கருவியின் பங்கு எவ்வளவு, காற்றில் வந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வைத்ததே அதன் சாதனை.

பழைய அனலைசர் எப்படிப் பார்த்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் குறிப்பிட்ட அகலமுள்ள ஒரு வடிகட்டி இருக்கும். பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொரு மீடிறனும், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணும், அந்த வடிகட்டியின் முன்னால் வரிசையாக நகர்த்தப்படும். வடிகட்டி குறுகலாக இருந்தால் நுணுக்கம் கூடும். ஆனால் குறுகலான வடிகட்டிக்கு நிதானம் தேவை. அலை உள்ளே வந்து முழு உயரத்துக்கு எழும்ப நேரம் எடுக்கும். அவசரப்படுத்தினால் உச்சம் குறைந்து, இடமும் விலகிக் காட்டும். பழைய அனலாக் வடிகட்டிகளுக்கான கணக்கு இது: பார்க்கும் பட்டையின் அகலத்தை இரண்டரையால் பெருக்கி, வடிகட்டி அகலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் தேவையான நேரம் வரும். எஃப்.எம். பட்டை கிட்டத்தட்ட 20 மெகாஹெர்ட்ஸ். அதை 1 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் பார்க்க 50 செக்கன் ஆகும். 100 ஹெர்ட்ஸ் நுணுக்கம் கேட்டால் 5,000 செக்கன், ஒரு மணித்தியாலம் 23 நிமிடம். இதில் கவனிக்க வேண்டியது காத்திருப்பின் அலுப்பை அல்ல. அந்த 50 செக்கனில் எந்தவொரு 1 கிலோஹெர்ட்ஸ் துண்டையும் கருவி பார்ப்பது வெறும் இரண்டரை மில்லிசெக்கன்தான். இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரம். மீதி நேரமெல்லாம் அந்தத் துண்டைப் பொறுத்தவரை கருவிக்குக் கண் தெரியாது. ரிவர்ஸ்டன் போன்ற இடத்தில் காற்று அடிக்கும்போது ஒரு தளர்ந்த ஆணி பத்து மில்லிசெக்கன் உரசி விலகினால், அதில் பிறந்த கோட்டைப் பழைய அனலைசர் பிடிப்பது முழுக்க அதிர்ஷ்டம். பிடிபடவில்லை என்றால் அறிக்கையில் எழுதப்படுவது ‘இடையூறு காணப்படவில்லை’ என்பதுதான்.

டிஜிட்டல் முறை வேறு வழியில் போகிறது. பட்டை முழுவதையும் ஒரேயடியாக எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு பிரிக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் ஒரேயொரு சல்லடையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தரத்துக்கும் கண்ணி மாற்றி மாற்றிச் சலிப்பதற்கும், பல கண்ணிச் சல்லடைகளை அடுக்கி ஒரே சலிப்பில் எல்லாத் தரங்களையும் பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. செக்கனுக்கு 25 மில்லியன் மாதிரிகள் என்ற வேகத்தில் 32,768 மாதிரிகளைச் சேர்க்க 1.3 மில்லிசெக்கன் போதும். அதிலிருந்து ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் பட்டை முழுவதும் கிடைத்துவிடுகிறது, இடைவெளி இல்லாமல். எந்த அலையையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்ற கணிதவியலாளர் ஃபூரியேயின் கருத்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. தடையாக நின்றது கணக்கின் அளவுதான். 32,768 மாதிரிகளுக்கு நேர்வழியில் 107 கோடி பெருக்கல்கள் வேண்டும். 1965இல் ஜேம்ஸ் கூலியும் ஜோன் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியே உருமாற்றம், எஃப்.எஃப்.டி., அதே வேலையைச் சுமார் 5 இலட்சத்தில் முடிக்கிறது. கணிதவியலாளர் காஸ் 1805 அளவிலேயே இதே தந்திரத்தைத் தன் குறிப்புகளில் எழுதி வைத்திருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. சிறுகோள்களின் பாதையைக் கணிக்கத் தேவைப்பட்ட ஒன்று, கணினி வந்த பிறகுதான் எல்லோர் கைக்கும் வந்தது. இன்றைய நிகழ்நேர அனலைசர்கள் இந்தக் கணக்கைத் தொடர்ச்சியாக, ஒரு தொகுதியின் வால் அடுத்ததன் தலைமேல் படியும்படி செய்துகொண்டே இருக்கின்றன. காற்றில் உரசும் ஆணி இப்போது தப்ப முடியாது.

உடனே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. எஃப்.எஃப்.டி. தனக்கென்று ஒரு புதுப் பிழையைக் கொண்டுவருகிறதே? உண்மைதான். தொடர்ந்து ஓடும் அலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தால், வெட்டிய இரு முனைகளும் ஒரு கோட்டின் சக்தியைப் பக்கத்து இடங்களில் சிந்தவிடும். எதுவும் செய்யாமல் அப்படியே வெட்டினால் முதல் பக்கச் சிதறல் வெறும் 13 டெசிபெல் கீழேதான் நிற்கும். வலுவான நிலையத்தின் பக்கத்தில் மெல்லிய அலையைத் தேடுகிறவருக்கு இது பெருங்கேடு. மேலும், கணக்கு தரும் இரண்டு அடுத்தடுத்த மீடிறன்களுக்கு நடுவில் கோடு விழுந்தால் உயரம் கிட்டத்தட்ட 4 டெசிபெல் வரை குறைத்துக் காட்டப்படலாம். இதற்கு மருந்து, துண்டின் இரு முனைகளையும் படிப்படியாகப் பூச்சியத்துக்கு இறக்கும் ‘சாளரம்’. ஹான் சாளரத்தைப் போட்டால் சிதறல் 31 டெசிபெலுக்குக் கீழே போகிறது, உயரப் பிழை 1.4 டெசிபெலாகச் சுருங்குகிறது. தட்டை உச்சிச் சாளரம் உயரப் பிழையை நூறில் ஒரு டெசிபெல் அளவுக்குக் கொண்டுவருகிறது, அதற்கு விலையாக நுணுக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது, இந்தப் பிழைகள் எல்லாவற்றுக்கும் என்னால் எண் சொல்ல முடிகிறது என்பதை. அவை கருவியின் வயதோடு மாறுவதில்லை, காலைக் குளிரிலும் நண்பகல் வெயிலிலும் மாறுவதில்லை. சுருளும் படிகமும் கொண்டு செய்த அனலாக் வடிகட்டியின் அகலமோ, கருவிக்குக் கருவி 20 சதவீதம் வரை விலகலாம். அந்த விலகல் எந்தப் பக்கம் என்று வெளியிலிருந்து தெரியாது. பிழையே இல்லாத கருவி எங்கும் கிடையாது. பிழையின் அளவைத் தெரிந்த கருவி வேண்டும். டிஜிட்டல் செயலாக்கம் தருவது அதைத்தான்.

வடிகட்டியின் வடிவமும் அப்படித்தான். ஓர் ஒலிபரப்பியின் மின்வழங்கி சரியாகச் சீர்செய்யப்படாவிட்டால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் இரைச்சல், காவி அலையின் இருபுறமும் சிறு கோடுகளாக ஒட்டிக்கொள்ளும். பேச்சோ இசையோ ஏறாத வெறும் காவி அலையை 30 ஹெர்ட்ஸ் வடிகட்டியால் பார்க்கிறோம் என்று வையுங்கள். 30 ஹெர்ட்ஸ், 100ஐவிடச் சிறியதுதானே, பக்கக் கோடுகள் தனியாகத் தெரிய வேண்டாமா? தெரியாது. பழைய வடிகட்டியின் பாவாடை மிக அகலம்: உச்சியில் 30 ஹெர்ட்ஸ் இருப்பது, 60 டெசிபெல் கீழே வந்ததும் பன்னிரண்டு மடங்கு விரிந்து 360 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். நடுவிலிருந்து ஒரு பக்கம் 180. அதற்குள் 100 ஹெர்ட்ஸ் கோடு முழுகிவிடும், ஒலிபரப்பி சுத்தமானது என்று திரை சொல்லும். டிஜிட்டல் வடிகட்டிக்கு அதே விகிதம் நான்கைச் சற்றே தாண்டியது. பாவாடை ஒரு பக்கத்துக்கு 62 ஹெர்ட்ஸோடு முடிந்துவிட, 100 ஹெர்ட்ஸ் கோடுகள் இரண்டும் வெளியே துலக்கமாக நிற்கும். ஒலிபரப்பியில் எதுவும் மாறவில்லை, மறைத்துக்கொண்டிருந்தது அளக்கும் கருவி.

அடுத்தது இரைச்சல். அறை வெப்பநிலையில் எந்த மின்தடையும் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மைனஸ் 174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல்) அளவு இரைச்சலைத் தருகிறது. இது இயற்கையின் தரை. கருவியின் சொந்த இரைச்சல் அதற்கு மேல் ஏறி உட்காருகிறது. பழைய அனலைசர்கள் சமிக்ஞையை முதலில் டெசிபெலாக மாற்றிவிட்டு, பிறகு சராசரி எடுத்தன. மடக்கையின் சராசரியும் சராசரியின் மடக்கையும் ஒன்றல்ல. அதனால் இரைச்சலின் சக்தி எப்போதும் 2.51 டெசிபெல் குறைவாகவே தெரிந்தது. உண்மைச் சக்தி காட்டப்பட்டதைப்போல 1.78 மடங்கு. தூய இரைச்சலாக இருந்தால் 2.51ஐக் கூட்டித் திருத்தலாம், பொறியியலாளர்கள் அப்படித்தான் செய்துவந்தார்கள். ஆனால் இரைச்சலோடு ஓர் அலையும் கலந்திருந்தால் எவ்வளவு கூட்டுவது? அந்த அலையின் அளவு தெரிந்தால்தான் திருத்தம் தெரியும், அதை அறியத்தான் அளவீடே நடக்கிறது. மாதிரிகள் எண்களாகக் கையில் இருக்கும்போது இந்தச் சிக்கலே எழாது: ஒவ்வொரு மாதிரியையும் சக்தியாக மாற்றி, சக்தியைச் சராசரியாக்கி, கடைசியில் ஒருமுறை டெசிபெலுக்குப் போனால் போதும். இன்னொரு படியும் ஏறலாம். கருவியின் சொந்த இரைச்சல் மைனஸ் 103 டிபிஎம் என்று முன்பே அளந்து வைத்திருந்து, அலையும் இரைச்சலும் சேர்ந்து மைனஸ் 100 காட்டினால், சக்தியைக் கழித்து அலை மைனஸ் 103 என்று சொல்லிவிடலாம். இரைச்சலுக்குச் சமமான அலை. அதைத் திரையின் கோட்டிலிருந்து படித்திருந்தால் சரியாக இரட்டிப்பாகச் சொல்லியிருப்போம்.

இங்கே வாசகர் தயங்குவார். கழித்தும் கூட்டியும் சராசரியாக்கியும் பெற்ற எண், அளவீடா கற்பனையா? இந்த ஐயத்தை மதிக்கிறேன், ஏனென்றால் அதற்குள் உண்மை இருக்கிறது. நூறு அளவீடுகளைச் சராசரியாக்கினால் மீதித் தடுமாற்றம் ஏறத்தாழ 0.4 டெசிபெல், கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது அந்தத் தடுமாற்றம் பல மடங்காகப் பெருகும். இரைச்சலுக்கு 15 டெசிபெல் கீழே இருக்கும் அலையைக் கழித்தலால் கண்டுபிடித்ததாக ஒருவர் அறிவித்தால், எத்தனை அளவீடுகளின் சராசரி என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதேபோல், காற்றில் உரசும் ஆணியின் பத்து மில்லிசெக்கன் கோட்டை ஒரு நிமிடச் சராசரி கரைத்துவிடும். ஆனால் இதற்கு விடை சராசரியைக் கைவிடுவதல்ல. மாதிரிகள் இருப்பதால் அதே தரவிலிருந்து சராசரியையும் எடுக்கலாம், உச்சத்தையும் எடுக்கலாம், ஒவ்வொரு மட்டமும் எத்தனை முறை வந்தது என்ற அடர்த்திப் படத்தையும் வரையலாம். ஊட்டியில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்து 1970இல் இயங்கத் தொடங்கிய, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி, வானத்திலிருந்து வரும் அலைகளை 326.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. அந்த அலைகள், பெறும் கருவியின் இரைச்சலைவிட எவ்வளவோ கீழே இருப்பவை. நீண்ட சராசரி என்பது கற்பனையாக இருந்தால் ரேடியோ வானியல் என்ற துறையே இருந்திருக்காது. புனேக்கு அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி இன்னும் ஒரு படி போய், மனிதர் உண்டாக்கும் திடீர் இடையூறுகளைச் சராசரிக்குள் போகுமுன்பே மாதிரி மாதிரியாக இனங்கண்டு ஓடும்போதே அகற்றுகிறது.

எண்ணாக மாற்றும்போதே நுணுக்கம் போய்விடாதா என்ற கேள்விக்கு அதிக நேரம் தேவையில்லை. 14 பிட் மாற்றி, குறையற்றதாக இருந்தால், 86 டெசிபெல் வீச்சைத் தரும். செக்கனுக்கு 100 மில்லியன் மாதிரி எடுத்து அதில் 10 கிலோஹெர்ட்ஸை மட்டும் வைத்துக்கொண்டால், மாற்றத்தின் இரைச்சலில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அது இன்னுமொரு 37 டெசிபெல் இலாபம். நடைமுறையில் இதைவிடக் குறையும், ஆனாலும் பழைய மடக்கைப் பெருக்கியின் ஒரு டெசிபெல் அளவிலான வளைவுகளோடு ஒப்பிட்டால் இது நேரான கோல். நினைவில் வைக்க வேண்டிய வரம்பு வேறொன்று: 100 ஹெர்ட்ஸ் நுணுக்கம் வேண்டுமானால் அலையைக் குறைந்தது பத்து மில்லிசெக்கனாவது பார்த்தே ஆக வேண்டும். எந்தக் கணிப்பாலும் இதைத் தாண்ட முடியாது. குறுகிய நேரம் வாழும் அலையையும் மிக நுணுக்கமான மீடிறனையும் ஒருசேரக் கேட்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்புக்கு இப்போது வருகிறேன். மாதிரி எடுப்பதற்கு முன்னால், உள்வரும் அலையின் மீடிறனை மாற்றும் ஒரு மிக்ஸர் அனலைசருக்குள் இருக்கிறது. அது அனலாக் பொருள். பக்கத்துக் கோபுரத்தின் வலுவான அலைகள் அதைத் திணறடித்தால், 116 மெகாஹெர்ட்ஸ் கோடு அதற்குள்ளேயே பிறந்துவிடும். அதன்பின் எடுக்கும் மாதிரிகளில் அந்தக் கோடு மெய்யாகவே இருக்கும். எண்களைப் பார்த்து, இது வெளியில் வந்ததா உள்ளே முளைத்ததா என்று சாதாரணச் செயலாக்கத்தால் சொல்ல இயலாது. கருவியின் உள் அலையியற்றி நடுங்குவதால் வலுவான கோட்டின் இருபுறமும் படியும் மங்கலும் பெரும்பாலும் அப்படித்தான். ரிவர்ஸ்டன் போன்ற உச்சியில் இதுதான் முதல் ஆபத்து, டிஜிட்டல் என்ற பெயரைக் கேட்டு இதை மறப்பவர் தவறான நிலையத்துக்குக் கடிதம் எழுதுவார். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதனை ஒன்று இருக்கிறது, அந்தச் சோதனையைத் தீர்மானமாக்குவது டிஜிட்டல் செயலாக்கமே. கருவியின் வாசலில், வரும் அலையின் வலுவைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டனுவேட்டரைப் போட்டால், வெளியிலிருந்து வந்த கோடு 10 டெசிபெல் குறையும். கருவி அதை ஈடுசெய்து காட்டுவதால் திரையில் அசையாது. மிக்ஸருக்குள் பிறந்த, இந்த 116 போன்ற மூன்றாம் படிக் கோடோ 30 டெசிபெல் விழும். ஈடுசெய்த பிறகும் திரையில் 20 டெசிபெல் சரியும். சிக்கல், அட்டனுவேட்டர் போட்டதும் இரைச்சல் தரையும் திரையில் 10 டெசிபெல் ஏறிவிடுகிறது என்பது. மெல்லிய கோடு அதில் மூழ்கினால் சரிந்ததா, மறைந்ததா என்று தெரியாது. நிலையங்கள் வெறும் காவி அலையை மட்டும் அனுப்பும் நேரத்தில் வடிகட்டியை 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்குச் சுருக்கினால் தரை 20 டெசிபெல் இறங்கும். கோடு வெளியே வரும். பழைய கருவியில் இந்த நுணுக்கத்தில் பட்டையைப் பார்க்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், அதற்குள் காற்றும் மாறும் ஒலிபரப்பும் மாறும். புதிய கருவியில் இது ஒரு செக்கனுக்குள் முடிகிற வேலை. அட்டனுவேட்டரைப் போட்டும் கோடு அசையவில்லை, ஆனால் காற்று வீசும்போது மட்டும் எழுகிறது என்று அடர்த்திப் படம் காட்டினால், ஒலிபரப்பியை விட்டுவிட்டு ஸ்பேனருடன் கோபுரத்தில் ஏற வேண்டும். காற்றிலும் அமைதியிலும் ஒரே மட்டத்தில் நின்றால் ஒலிபரப்பியின் வெளியீட்டில் நல்ல வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, அலைக்கற்றை அளவீட்டு அறிக்கை எழுதுகிறவர்களுக்கு. வெறும் கோட்டுப் படத்தை ஒட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். வடிகட்டி அகலம் என்ன, எந்தச் சாளரம், சராசரி சக்தியிலா டெசிபெலிலா, எத்தனை அளவீடு, அட்டனுவேட்டர் மாற்றியபோது என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். முடிந்தால் மாதிரிகளையே கோப்பாகச் சேமித்துக் கொடுங்கள். உங்கள் முடிவில் ஐயமுள்ளவர் தன் மேசையில் வேறொரு சாளரத்தைப் போட்டுத் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளட்டும். பழைய கருவியின் தாள் படத்தில் இந்த வாய்ப்பு இருக்கவில்லை. இரண்டாவது, பேராதனையிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு. இதைக் கற்க விலையுயர்ந்த கருவிக்குக் காத்திருக்க வேண்டாம். தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட, ஆர்.டி.எல்.2832யூ சில்லு கொண்ட சிறு யூஎஸ்பி டாங்கிள், செக்கனுக்கு ஏறத்தாழ 24 இலட்சம் மாதிரிகளைத் தருகிறது. 8 பிட்தான், வீச்சு 50 டெசிபெல் அளவில் நின்றுவிடும், வலுவான நிலையத்தின் அருகில் எளிதில் திணறும். அந்தத் திணறலைத் தேடிப் பிடியுங்கள். வாசலில் ஓர் அட்டனுவேட்டரைப் போட்டு, எந்தக் கோடு விழுகிறது, எந்தக் கோடு நிற்கிறது என்று நீங்களே பார்த்து எழுதி வையுங்கள்.